எங்கள் வீட்டில் ஒரு ஜெர்மன் பையன்

ஜெர்மனியிலிருந்து ஒரு பள்ளி மாணவனைக் கல்வியாண்டு முழுக்க வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னதும், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்டது, "மாசம் எவ்வளவு தருவாங்க?" என்றுதான். ஒன்றும் தரமாட்டார்கள் என்றதும், "அப்புறம் எதுக்கு இந்த வேலை?" என்றார்கள்.

பண விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவுக்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இரண்டு வழிகளில் வருகிறார்கள். எஃப்-1 விசாவில் வருபவர்கள் பெரும்பாலும் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படிப்பவர்கள். அவர்களை வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் வருவதுண்டு. நாங்கள் சேர்ந்தது ஜே-1 விசாவில் வரும் எக்ஸ்சேஞ்ச், அதாவது பரிமாற்ற மாணவர்களுக்கான திட்டம். அது அமெரிக்க வெளியுறவுத் துறையின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. அதில் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. வருமான வரியில் மாதம் 50 டாலர் வரை நன்கொடைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதுவும் வரிக் கழிவுகளை ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டுபவர்களுக்குத்தான். எங்களைப் போல மொத்தமாக ஒரு நிலையான தொகையைக் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்கு அதுவும் இல்லை. விமானச் சீட்டு, மருத்துவக் காப்பீடு, கைச்செலவு எல்லாம் பிள்ளையின் பெற்றோர் பொறுப்பு. சாப்பாடு, படுக்கை, கூட்டிப் போய்க் கூட்டி வருவது எல்லாம் நம் பொறுப்பு.

எதுக்கு என்ற கேள்விக்குப் பதில் மதுரையில் நான் வளர்ந்த வீட்டில் இருக்கிறது. அங்கே எப்போதும் யாராவது ஒருவர் தங்கிப் படித்துக்கொண்டிருப்பார்கள். பெரியப்பா மகன், அம்மா வழியில் ஒரு சித்தி மகள், ஒரு சமயம் சொந்தமே இல்லாத ஊர்க்காரர் வீட்டுப் பையன்கூட. அவர்களை யாரும் விருந்தாளியாக நினைத்ததில்லை. ரேஷன் கடைக்கு அவர்கள்தான் போவார்கள், மோட்டார் போடுவார்கள், என் தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருவார்கள், அப்பாவிடம் எங்களோடு வரிசையில் நின்று திட்டும் வாங்குவார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் முதல் ஆளாக வந்து நிற்பது அவர்கள்தான். என் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு அண்ணனோ அக்காவோ கிடைக்காமலே போய்விடுமோ என்று எனக்கு ஒரு குறை இருந்தது.

எக்ஸ்சேஞ்ச் அமைப்புகள் பக்கம் பக்கமாக எழுதித் தரும் அறிவுரையின் சாரமும் இதுதான்: வந்திருப்பது விருந்தாளி இல்லை, வீட்டுப் பிள்ளை. நம்மவர்களுக்கு இது சுலபமாக வரவேண்டும், ஆனால் வராது. தங்கிப் படிக்கிற பிள்ளையை வைத்துப் பழக்கமிருந்தாலும், வந்திருப்பது வெள்ளைக்காரப் பிள்ளை என்றதும் நம் கை தானாக நல்ல பீங்கான் தட்டைத் தேடிப் போகிறது.

இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதல்ல. போர்க்களத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் தொடங்கிய ஏ.எஃப்.எஸ். அமைப்பு 1947-லேயே மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கிவிட்டது. ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இரு நாட்டு நாடாளுமன்றங்களும் சேர்ந்து தரும் உதவித்தொகை 1983-லிருந்து இருக்கிறது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்காக அமெரிக்க அரசு 2002-ல் கொண்டுவந்த யெஸ் உதவித்தொகைத் திட்டத்தில் இந்தியப் பிள்ளைகளும் வந்து படித்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தவன் உதவித்தொகையில் வரவில்லை, பெற்றோர் செலவில் வந்தவன்.

விண்ணப்பம் போட்டதும் அமைப்பின் உள்ளூர்ப் பிரதிநிதியான கோஆர்டினேட்டர் வீட்டுக்கு வந்தார். வீட்டின் வெளித்தோற்றம், சமையலறை, பையன் படுக்கப்போகும் அறை, குளியலறை, ஹால் எல்லாவற்றையும் படம் எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்பது விதி. பிள்ளைக்குத் தனிக் கட்டில் கட்டாயம். சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர் நம்மைப் பற்றி நற்சான்று தர வேண்டும். வீட்டில் வசிக்கும் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. என் மாமியார் அந்த வருஷம் ஆறு மாதம் எங்களோடு இருக்க வருவதாக இருந்தது. அதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டோம். நம் வீடுகளில் யார் எப்போது வந்து தங்குவார்கள் என்பதற்குக் கணக்குக் கிடையாது. கோஆர்டினேட்டருக்கு அது கணக்காகத் தெரிந்தாக வேண்டும். நடுவில் திடீரென்று மச்சினர் வந்து மாதக்கணக்கில் தங்கினால், அதை அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வர விரும்பும் பிள்ளைகளின் குறிப்புகளை அமைப்பு காட்டும்போது நம்மவர்கள் கண் நேராக மதிப்பெண்ணுக்குப் போகும். நான் சொல்வது, பெற்றோர் எழுதிய கடிதத்தை முதலில் படியுங்கள். பிள்ளை வீட்டில் என்ன வேலை செய்கிறான், கோபம் வந்தால் என்ன செய்வான், உடன்பிறந்தவர்களோடு எப்படி என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். இவன் அம்மா, "இவனுக்குப் பசித்தால் யாருடனும் பேசமாட்டான், முதலில் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இவனைத் தேர்ந்தெடுத்தோம்.

சாப்பாட்டு விஷயத்தில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. வீடியோ அழைப்பில் முதல் நாளே சொல்லிவிட்டோம்: வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை, வெளியில் சாப்பிடுவது உன் விருப்பம். செவ்வாய், வெள்ளி கவுச்சி கிடையாது. பூஜைக்கு உட்காரச் சொல்லமாட்டோம், உட்கார்ந்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டோம். அவன் யோசித்துவிட்டு, "வீட்டில் சீஸ் இருக்குமா?" என்று மட்டும் கேட்டான். இருக்கும் என்றோம்.

2022 ஆகஸ்டில் வந்தான். பதினாறு வயது, வாசல் நிலைப்படியில் தலை தட்டுகிற உயரம். மகள் முதல் நாளே "அண்ணா" என்று ஒட்டிக்கொண்டாள். ஏழாம் வகுப்பில் இருந்த மகனுக்கு மூத்த பிள்ளை என்ற பட்டம் பறிபோன வருத்தம் கொஞ்ச நாள் இருந்தது. இது எல்லா வீட்டிலும் நடக்கும், அதனால் உங்கள் பிள்ளைகளிடம் சம்மதம் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். சம்மதம் என்பது தலையாட்டுவது மட்டும் இல்லை. கார் முன்சீட், வீடியோ கேம் நேரம், குளியலறை எல்லாவற்றிலும் பங்கு போகும் என்று தெரிந்து சரி சொல்ல வேண்டும்.

அமைப்பு கொடுத்த கேள்விப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு முதல் வாரமே அவனோடு உட்கார்ந்தோம். கேட்காமல் ஃப்ரிட்ஜிலிருந்து எதை எடுக்கலாம், துணி எப்போது துவைப்பது, குளிக்க எந்த நேரம் வசதி, இரவு எத்தனை மணிக்கு இணையம் அணையும், அறைக் கதவு மூடியிருந்தால் தட்ட வேண்டுமா என்று எல்லாமே சில்லறைக் கேள்விகள். ஆனால் சண்டை வருவதெல்லாம் இந்தச் சில்லறையில்தான். வேலையும் அன்றே பிரித்தோம். வியாழன் இரவு குப்பைத் தொட்டிகளைத் தெருவோரம் தள்ளிவைப்பது, டிஷ்வாஷரிலிருந்து பாத்திரம் எடுத்து அடுக்குவது, தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வது அவன் பங்கு.

செப்டம்பரில் அத்தை வந்து சேர்ந்தார். அவன் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து அவருக்கு மனசு பொறுக்கவில்லை. "ஊரான் வீட்டுப் பிள்ளையப் போயி குப்பை அள்ள விடுறியேம்மா" என்றார். அவன் வேலை செய்யச் செய்யத்தான் வீட்டில் அவனுக்கு உரிமை வரும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அவருடைய பதில் சாப்பாட்டு மேசையில் வந்தது. தட்டில் மூன்று தோசை முடிந்ததும் நான்காவது வந்து விழும். அவன், "போதும், நன்றி" என்பான். நம்மிடம் முதல் 'போதும்' கணக்கில் சேராது. அத்தை இன்னொன்று வைப்பார். அவர்கள் வீட்டிலோ தட்டில் மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கஷ்டப்பட்டுச் சாப்பிட்டு முடிப்பான். தட்டு காலியானால் அத்தைக்கு அது பசியின் அடையாளம். அடுத்த தோசை வரும். இரண்டு நல்ல வளர்ப்புகளுக்கு நடுவில் அந்தப் பையன் மாட்டிக்கொண்டு முழித்தான். கடைசியில் என் மகன்தான் வழி காட்டினான். தட்டின் மேல் கையைக் குறுக்கே விரித்து, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, "போதும் பாட்டி, போதும் பாட்டி" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஜெர்மன் பையன் கண்ணாடி முன் நின்று பழகியிருப்பான் போல, அடுத்த நாள் அப்படியே செய்தான். அத்தை கரண்டியோடு நின்று சிரித்துவிட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில் கல் பக்கத்தில் அவன்தான் நின்றான். ஊற்றுவது அடை மாதிரி தடிமனாக இருக்கும். அத்தை ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார்.

சாப்பாட்டில் இன்னொன்று. வெளிநாட்டுப் பிள்ளை நம் சமையலைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டான் என்று எழுதத்தான் எல்லோருக்கும் ஆசை. இவனுக்கு ரசம் கடைசிவரை பிடிக்கவில்லை. தயிர் சாதம் அதிர்ச்சி. அவர்கள் ஊரில் சோற்றைப் பாலில் வேகவைத்துச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிச் சாப்பிடுவார்கள். அதை எதிர்பார்த்து ஒரு வாய் வைத்தவனுக்கு உப்பும் கடுகும் கிடைத்தால் எப்படி இருக்கும்? அமெரிக்க ரொட்டியும் அவனுக்கு ஆகவில்லை, பஞ்சு என்றான். ராத்திரி ரொட்டியும் சீஸும் வெட்டிய காய்களுமாகச் சூடில்லாமல் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். ஆல்டி கடையில் கறுப்பு ரொட்டி கிடைத்தது, அது ஜெர்மன் கம்பெனிதானே. வாரத்தில் இரண்டு இரவு எல்லோருக்கும் அதுதான் என்று வைத்துவிட்டோம். சமையல் இல்லாத அந்த இரண்டு இரவுகளுக்கு நான் இன்றும் ஜெர்மனிக்கு நன்றி சொல்கிறேன்.

உண்மையான பாரம் சாப்பாடு இல்லை, கார். அவன் ஊரில் பன்னிரண்டு வயதிலிருந்தே தனியாக ரயில், பஸ், சைக்கிள் என்று சுற்றியவன். ஒஹாயோ புறநகரில் காபி குடிக்கப் போகவும் யாரையாவது கேட்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் பிள்ளைகள் வண்டி ஓட்ட எங்கள் அமைப்பு அனுமதிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் கை ஏந்துவது அந்த வயதுப் பிள்ளைக்குப் பெரிய கூச்சம். கேட்கக் கூச்சப்பட்டே அறையில் அடைந்துவிடுவார்கள். ஞாயிறு இரவுக்குள் அந்த வாரம் எங்கெங்கே போக வேண்டும் என்று ஃப்ரிட்ஜ் மேல் மாட்டிய காலண்டரில் எல்லோரும் எழுதிவிட வேண்டும் என்று வைத்தோம். என் பிள்ளைகளின் கீபோர்டு வகுப்பும் தமிழ்ப் பள்ளியும் அதே காலண்டரில், அதே வரிசையில். அதற்கப்புறம் அவன் தயங்கவில்லை.

இதோடு சேர்ந்த ஒரு யோசனை: பள்ளி திறக்கும் முன்பே ஏதாவது விளையாட்டில் சேர்த்துவிடுங்கள். இலையுதிர்காலப் போட்டிகளுக்கான பயிற்சி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் பெரும்பாலான பள்ளிகளில் யாரையும் கழித்துவிடமாட்டார்கள், ஓடத் தயாராக இருந்தால் போதும். பள்ளி தொடங்கிய முதல் நாள் மதியச் சாப்பாட்டில் யாரோடு உட்காருவது என்ற பயம் அவனுக்கு இருக்கவில்லை. கூட ஓடிய பையன்களின் அம்மாக்கள் வழியாக எனக்கும் கார் பாரம் குறைந்தது.

பள்ளி விஷயங்கள் எளிது. தடுப்பூசிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அவர்கள் நாட்டில் போடாத ஊசி ஒன்றிரண்டை இங்கே கேட்பார்கள், அதை ஜூலையிலேயே பார்த்துவிடுங்கள். பல பள்ளிகள் இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான டிப்ளமா தருவதில்லை, மதிப்பெண் பட்டியல் மட்டும்தான். மதிப்பெண் முறையும் நேர் எதிர். ஜெர்மனியில் 1 உயர்ந்தது, 4 என்றால் தட்டுத்தடுமாறித் தேறியது. இங்கே பொதுவாக 4.0-தான் உச்சம். 4.0 வாங்கியிருக்கிறேன் என்று அவன் போனில் சொன்னதும் அவன் பாட்டி, பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றினாராம்.

சட்டம் சம்பந்தப்பட்ட விஷயங்களில் மட்டும் வளைந்துகொடுக்கக் கூடாது. ஜெர்மனியில் 16 வயதில் கடையில் பியர் வாங்கலாம். இங்கே 21. இங்கே பிடிபட்டால் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவனுக்கு அது தெரியும், ஆனால் தெரியும் என்று விட்டுவிடாமல் வாய்விட்டுப் பேசினோம். வேலைக்குப் போக முடியாது, அவ்வப்போது குழந்தை பார்த்துக்கொள்வது, புல் வெட்டுவது மாதிரி சில்லறை வேலைகளுக்கு மட்டும் அனுமதி. பனிக்காலத்தில் அக்கம்பக்கத்து வாசல்களில் பனி அள்ளிக் கைச்செலவுக்குச் சம்பாதித்தான். கடனாக நாம் பணம் கொடுக்கக் கூடாது, அது உறவைக் கெடுக்கும்.

ஜனவரியில் ஒரு கூத்து. காலையில் எழுந்ததும் அறை ஜன்னலை ஐந்து நிமிஷம் முழுசாகத் திறந்து வைப்பான், வெளியே உறைபனி. காற்று மாற வேண்டும் என்பது அவர்கள் ஊர் ஒழுக்கம். ஹீட்டர் ஓடுகிற வீட்டில் இப்படிச் செய்வதைப் பார்த்து என் கணவருக்கு வந்த முகத்தை எழுத முடியாது. கடைசியில் ஒப்பந்தம்: அவன் அறையில் ஹீட்டர் காற்று வரும் திறப்பை மூடிவிட்டு ஜன்னலைத் திறக்கலாம்.

வீட்டு ஏக்கம் எப்போது வரும் என்று எல்லோரும் கேட்பார்கள். வந்த புதிதில் வராது. எல்லாம் பழகின பிறகு, நாள் சுருங்கி இருட்டும் குளிரும் சேரும்போது வரும். அந்த வருஷம் கத்தார் உலகக் கோப்பை வேறு. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின நாள் காலை ஜப்பானிடம் ஜெர்மனி தோற்றது. டிசம்பர் 1-ஆம் தேதி கோஸ்டா ரிக்காவை 4-2 என்று ஜெயித்தும் முதல் சுற்றோடு வெளியேறியது. ஆட்டம் நடக்கும்போது அவன் பள்ளியில். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அறைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு ராத்திரி இரண்டு மணி வரை ஊர் நண்பர்களோடு பேச்சு. அவர்களுக்கு நேரம் ஆறு மணி முன்னால், இங்கே நடுராத்திரி என்றால் அங்கே காலை. காலையில் பள்ளிக்குக் கண் சிவந்து போவான்.

இங்கேதான் கோஆர்டினேட்டர் உதவினார். மாதம் ஒரு முறை அவர் பையனோடும் நம்மோடும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்பது விதி. நம்மவர்களுக்கு வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்லப் பிடிக்காது, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று முடித்துவிடுவோம். அப்படி முடிக்காதீர்கள். அவர் அவனிடம் பேசிய பிறகு போன் பேச்சு ஞாயிறு மதியத்துக்கு மாறியது. சில வேளை ஒத்துப்போகாமல் பிள்ளையை வேறு குடும்பத்துக்கு மாற்றுவதும் உண்டு. அதில் மானம் போக ஒன்றும் இல்லை.

டிசம்பர் 5 ராத்திரி அவன் தன் பூட்ஸைத் துடைத்துப் பளபளப்பாக்கி வாசல் கதவை ஒட்டி வைத்தான். என் பிள்ளைகளுடையதையும் வைக்கச் சொன்னான். ராத்திரி செயின்ட் நிகோலஸ் வந்து ஆரஞ்சும் கொட்டைகளும் சாக்லேட்டும் போட்டுவிட்டுப் போவார். போட்டது என் கணவர். அவன் அம்மா ஒரு மாதம் முன்பே பார்சல் அனுப்பியிருந்தார். மறுநாள் சாயங்காலம் கார்த்திகை தீபம். அத்தை அகல் விளக்குத் தட்டோடு வாசலுக்கு வந்தால் மூன்று ஜோடி செருப்பு நிற்கிறது. விளக்கு வைக்கிற இடத்தில் செருப்பா என்று ஆரம்பித்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அந்தப் பக்கமா நகத்தி வை, எண்ணெய் சிந்தப்போகுது" என்றார். அவன் பூட்ஸை நகர்த்திவிட்டுத் திரிகளை ஒவ்வொன்றாக எண்ணெயில் நனைத்து வைத்தான். அவர்கள் வீட்டிலும் அந்த மாதம் ஞாயிறுதோறும் ஒரு மெழுகுவர்த்தி கூடும், நான்காவது ஞாயிறு முடிந்தால் கிறிஸ்துமஸ் என்று அத்தைக்கு விளக்கினான். இடையில் என் மகள் மொழிபெயர்ப்பு.

பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வழக்கம் இருந்தால் அந்த வருஷம் அதை விட்டுவிடுங்கள். பிள்ளையை யார் வீட்டிலாவது விட்டுவிட்டுப் போக முடியாது, அந்த வீட்டுக்கும் சோதனை நடந்திருக்க வேண்டும். கூட்டிப் போவதென்றால் பெற்றோர் சம்மதம், அமைப்பின் சம்மதம், இந்திய விசா என்று நீளும். நாங்கள் போகவில்லை. நயாகரா போகும்போதும் அப்படித்தான். கனடா பக்கம் போய்த் திரும்பி வரவேண்டுமானால் ஜே-1 விசாவுக்கு ஆதாரமாக அமைப்பு தரும் அவனுடைய டிஎஸ்-2019 படிவத்தில் பயணக் கையெழுத்து இருக்க வேண்டும், அதை அமைப்பிடமிருந்து வாரக்கணக்கில் முன்னதாகவே வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் அமெரிக்கப் பக்கத்து அருவியோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

ஜூனில் கிளம்பினான். பள்ளி அலுவலகம் கோடைக்கு மூடும் முன் முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டோம். மூடிவிட்டால் ஆகஸ்ட் வரை இழுக்கும், அங்கே அவன் பள்ளியில் கேட்பார்கள். பெட்டி 23 கிலோவைத் தாண்டியது. பள்ளி ஸ்வெட்டர்களை எடுத்து வெளியே போட்டான், உள்ளே வைத்திருந்த தோசைக்கல்லை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது மகள் அடுத்த முறை ஒரு அக்கா வேண்டும் என்கிறாள். எங்கள் பகுதிப் பள்ளி வருஷத்துக்கு இத்தனை எக்ஸ்சேஞ்ச் பிள்ளைகள்தான் என்று வரம்பு வைத்திருக்கிறது. குடும்பம் தயாராக இருந்தும் பள்ளியில் இடம் இல்லாமல் போவது நிறைய நடக்கிறது. குடும்பமும் பள்ளியும் முடிவாவதற்கு ஆகஸ்ட் 31 கடைசி நாள் என்றாலும் அதுவரை காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஜனவரியிலேயே பள்ளியில் கேட்டுவிடுங்கள், குளிர்கால விடுமுறை முடிந்து திறந்த முதல் வாரத்திலேயே. அமைப்பைத் தேடுவது அதற்கப்புறம்.